ஒரு விரல் நீள விரிசல்

எழில்மொழியைப் போன்ற ஒரு பயந்தாங்கொள்ளியைத் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். சுவரில் பல்லி நகர்ந்தால் நாற்காலியில் ஏறிவிடுவாள். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பிருந்தே காதில் பஞ்சு அடைத்துக்கொள்வாள். தெருவில் போலீஸ் ஜீப் ஒன்று மெதுவாகப் போனால் போதும், நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பிப்பாள். யோசித்தால் ஏதாவது ஒன்று அகப்படவும் செய்யும். அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டு முன்னறையில் ஐந்து வாள், மூன்று கட்டாரி, இரண்டு ஈட்டி முனை, மருந்து கெட்டித்துச் சுடுகிற பழைய துப்பாக்கி ஒன்று என்று பதினோரு ஆயுதங்களை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? புதிதாக வந்த காஸ் சிலிண்டர்காரர், கதவு திறந்ததும் சுவரைப் பார்த்துவிட்டுச் சிலிண்டரை வாசலிலேயே வைத்துப் போய்விட்டார். பணம் வாங்க அடுத்த நாள்தான் வந்தார்.

இந்தப் பயத்துக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் சம்பந்தம் உண்டு. எழில்மொழியின் அப்பா பரிதி, கூலிக்கு நடவு நட்ட குடும்பத்திலிருந்து வந்து ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் சொந்தமாக வாங்கியவர். நிலத்தை விற்ற மிராசுதார் வீட்டார் பட்டணத்துக்குக் கிளம்பும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாத சாமான்களோடு துப்பாக்கியையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் முறைப்படி லைசென்ஸ் எடுத்துக்கொண்டார். சாமி கும்பிடாத மனிதர்தான். ஆனால் ஊர்த் திருவிழாவில் சாமி புறப்படும்போது வெறும் மருந்தைக் கெட்டித்து வேட்டுப் போடுகிற வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு வருஷம் உற்சாகம் தாங்காமல் இரண்டு பங்கு மருந்து கெட்டித்துவிட்டார். அன்றைய சத்தத்தில் அவருடைய இடது காது போனது. குழலின் அடிப்பக்கம், மருந்து தங்குகிற இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் விட்டது. பக்கத்தில் நின்றிருந்த ஒன்பது வயது எழில்மொழிக்கு அன்று பிடித்த பயம் அறுபது வயதாகியும் இறங்கவில்லை.

அப்பா போன பிறகு லைசென்ஸ் வாரிசு முறையில் அவள் பெயருக்கு வந்தது. துப்பாக்கியைக் கண்ணில் படாமல் பரணில் போட்டாள். போட்ட பிறகு தூக்கம் போனது. பயப்படுகிற பொருள் மேலே எங்கேயோ கிடப்பதைவிடக் கண்ணெதிரே துடைத்து எண்ணெய் போட்டு மாட்டியிருப்பதுதான் நிம்மதி என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எடுத்து மாட்டினாள். அதற்குத் துணையாக ஒரு வாள் வந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை.

கல்லூரி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளராக இருந்தவள் அவள். துரு என்றால் என்ன, அது எதற்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கீழவாசலில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஜெகபர் அலி, எடைக்கு வந்த குவியலில் வாள் மாதிரி ஏதாவது தென்பட்டால் தனியே எடுத்து வைத்துவிட்டு அவளுக்குப் போன் போடுவார். தரங்கம்பாடியில் ஒரு வீட்டில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த பழங்காலத்துக் கப்பல்காரன் வாளை, அந்த வீட்டம்மாவுக்கு இரண்டு புது அரிவாள்மணை வாங்கிக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கீழே இறங்கும். விரல் வியர்வையில் இருக்கிற உப்பே இரும்பைத் தின்னும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு, பழைய வேட்டித் துணியில் மிஷின் எண்ணெய் தொட்டு, ஒவ்வொன்றாகத் துடைப்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல் உண்டு. யாரும் கேட்காமலே பட்டியல் எழுதிப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையும் வாங்கி வைத்திருந்தாள்.

இவ்வளவு ஜாக்கிரதைக்காரி செய்த ஒரு காரியம்தான் இந்தக் கதை.

போன வருஷம் அந்த விரிசல் அவள் கண்ணை உறுத்தத் தொடங்கியது. மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்க, அது மட்டும் ஆறாத புண் மாதிரி தெரிந்தது. ஜெகபர் அலியிடம் காட்டினாள். அவர் குழலைத் தட்டிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "மறைக்காதீங்கம்மா. இது செத்த துப்பாக்கி. செத்ததுன்னு பாக்குறவனுக்குத் தெரியணும். மருந்து தங்குற இடத்துல ஈயத்தை ஊத்தி அடைச்சிடுங்க, எவனாலயும் கெட்டிக்க முடியாது."

அவள் ஈயத்தை ஊற்றத்தான் செய்தாள், உள்ளே அல்ல. விரிசலை மட்டும் ஈயத்தால் நிரப்பி, அரம் போட்டு இழைத்து, மேலே உப்புக் கரைசல் தடவித் துருப்பிடிக்க விட்டு, வெந்நீரில் காட்டி, தேய்த்து, மறுபடியும் தடவி, மறுபடியும் தேய்த்து, துருவேறாத ஈயத்தின் மேல் மட்டும் அதே நிறத்தில் அரக்குப் பூசி, நான்கு மாதத்தில் குழல் முழுக்க ஒரே சீராகக் காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். விரிசல் இருந்த இடத்தை அவளாலேயே விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியவில்லை. சுவரில் மாட்டுகிற பொருள்தானே, யார் சுடப்போகிறார்கள் என்று நினைத்தாள். ஜெகபர் அலியிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.

இந்த வருஷம் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். முடிந்த பிறகு திரும்ப வரும். எழில்மொழி குடியிருப்பது தஞ்சாவூரில் என்றாலும் லைசென்ஸ் அப்பாவின் ஊர் முகவரியில்தான் இருந்தது. அதனால் திருவையாறு தாண்டி இருக்கிற அந்தக் கிராமத்து ஸ்டேஷனில்தான் ஒப்படைக்க வேண்டும். ஸ்டேஷன் படியேற அவளுக்கு உதறல். புருஷன் பகலவனை அனுப்புவாள். பகலவன் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். இருபத்தேழு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்காத மனிதர். ஸ்கூட்டியையும் நாற்பதுக்கு மேல் ஓட்ட மாட்டார். ஸ்டேஷனில் இரண்டு மாதம் கிடந்தால் துருப்பிடித்துவிடுமே என்று எழில்மொழி எண்ணெயை வழிய வழியப் பூசி அனுப்பினாள்.

ஓட்டு எண்ணி முடிந்து பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பகலவன் போய்ச் சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு மதியம் திரும்பினார். கால் இரண்டுக்கும் நடுவில் அதை நிறுத்தி, மேடு பள்ளமெல்லாம் குலுங்கக் குலுங்க வந்திருந்தார். அதை முன்னறைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு எதிரே உட்கார்ந்து மோர் குடித்தார்.

எழில்மொழி சாக்கைப் பிரித்தாள். பிரித்த உடனே தெரிந்தது. கட்டை வேறு. குழல் முழுக்கத் துரு. கம்பியால் சுற்றிக் கட்டிய பிடி.

"ஏங்க, இது நம்மளுது இல்லீங்க."

"போலீஸ்ல குடுத்ததைத்தானே வாங்கியாந்தேன்? எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு."

அவளுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. இருந்தாலும் கை சும்மா இருக்குமா? துரு உள்ளே எவ்வளவு ஆழம் என்று பார்க்கத் துடைப்புக் கம்பியை எடுத்துக் குழலுக்குள் விட்டாள். கம்பி சீக்கிரமே நின்றுவிட்டது. வாயருகே கம்பியை விரலால் பிடித்து அடையாளம் வைத்துக்கொண்டு, உருவி, வெளியே குழலோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். அடிவரை போகவில்லை. நான்கு விரற்கடை குறைந்தது. உள்ளே மருந்தும் ரவையும் தேங்காய் நாரும் இடித்து இறுக்கியபடி கிடந்தன. குனிந்து, விசையை இழுத்தால் வந்து அடிக்கிற குதிரைக்கு அடியில் பார்த்தாள். மருந்துக்கு நெருப்பு வைக்கிற கேப்பு ஒன்று, பச்சை பிடித்து, குழலின் மூக்கின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் குதிரை படுத்திருந்தது. ஒரு சின்ன அடி போதும்.

குழலின் வாய் பகலவனின் வயிற்றைப் பார்த்திருந்தது.

அவள் கையால் மட்டும் ஒதுங்கச் சொன்னாள். "என்ன, ஈயா?" என்றார் பகலவன்.

"தள்ளிப் போங்க... உள்ள மருந்து இருக்கு!"

மோர் டம்ளர் உருண்டது. அவர் சமையலறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். இருபத்தைந்து கிலோமீட்டர் இதைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தோம் என்பது அவருக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. கதவுத் தாழ்ப்பாள் கடகடவென்று ஆடியது.

எழில்மொழி குழலை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஜன்னலுக்கு அப்பால் பக்கத்து வீடு. சுவர்ப் பக்கம் திருப்பினாள். கடைசியில் கூரையைப் பார்க்க நிறுத்திக்கொண்டு, ஒரு கட்டைவிரலால் குதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். விரல் வழுக்கினால் தீர்ந்தது. வியர்வை இமையில் இறங்கியது; துடைக்க மூன்றாவது கை இல்லை. மற்றக் கையின் நகத்தால் கேப்பைக் கிள்ளி எடுத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துப்பாக்கியைக் குளியலறைக்குத் தூக்கிப் போனாள். லேப் வழக்கத்தில் வீட்டில் எப்போதும் கிடக்கிற சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, கேப்பு இருந்த ஓட்டை வழியே உள்ளே பீய்ச்சினாள். கருமருந்து நனைந்தால் செத்தது. குழலின் வாய் வழியாகவும் ஊற்றி, மூலையில் நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் உண்மையான பயம் வந்தது.

இது யாரோ தினமும் சுடுகிற துப்பாக்கி. அவனுடையது இங்கே வந்திருக்கிறது என்றால், நம்முடையது அவனிடம் போயிருக்கிறது. அவன் அதில் மருந்து கெட்டிப்பான். விரிசல் அவன் கண்ணுக்குத் தெரியாது. தெரியாதபடி செய்தது நான்தான்.

ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். ரைட்டர் அஸார் எடுத்தார். நல்ல மனிதர்; அன்றைக்கு மட்டும் அவசரத்தில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டு துப்பாக்கிதான்மா இருந்துச்சு. உங்களுதுல கட்டியிருந்த அட்டை எண்ணெய்ல ஊறி நம்பரே தெரியல. கீழப்படுகை வீரையன்னு ஒருத்தர் காலையில வந்தாரு. கொள்ளிடக் கரையில வாழை போட்டிருக்காரு. காட்டுப்பன்னி அழிக்குது, இன்னிக்கே வேணும்னு நின்னாரு. மத்த அட்டையைப் பாக்காம கைக்கு வந்ததை எடுத்துக் குடுத்தேன். திங்கக்கிழமை ரெண்டு பேரும் வாங்க, மாத்திக்கலாம்."

"சார், அதை அவரு சுடக் கூடாது சார்."

"ஏம்மா?"

இதோ, இந்த இடத்தில்தான் அவள் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வார்த்தை போதும். ஆனால் விரிசல் விட்ட துப்பாக்கியை லைசென்ஸில் வைத்துக்கொண்டு விரிசலையும் மறைத்தாய் என்று கேஸ் போட்டால்? பேப்பரில் போட்டோ வந்தால்? அறுபது வயதில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தால்? 

"அது... பழசு சார்."

"எல்லாம் பழசுதான்மா" என்று சொல்லி அஸார் வைத்துவிட்டார். வைப்பதற்கு முன் வீரையனுடைய நம்பரைக் கொடுத்தார். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

பகலவன் கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எழிலு, மறுபடியும் போட்டு உண்மையைச் சொல்லு."

"பன்னி எப்பங்க வரும்?"

"பொழுது சாஞ்சா இறங்கும்."

மணி மூன்றே முக்கால். "வண்டியை எடுங்க" என்றாள்.

இருபத்தெட்டு கிலோமீட்டர். பகலவன் நாற்பதில் ஓட்டினார். அவள் பின்னாலிருந்து அவர் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள். திருவையாற்றுப் பாலங்கள் ஒவ்வொன்றிலும் வெறும் மணல்தான் கிடந்தது. மேட்டூரில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. அதற்கு அப்பால் பாதிச் சாலையில் கோடை நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டை லாரி ஒன்று திரும்பத் தெரியாமல் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் நான்கு டிராக்டர், அந்தப் பக்கம் ஒரு டவுன் பஸ். எழில்மொழி இறங்கி லாரி டிரைவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "வழி விடுங்கய்யா, ஒரு உயிரு" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் போல என்று எண்ணி நெல் மூட்டைகளை இழுத்துப் போட்டுச் சந்து பண்ணிக் கொடுத்தார்கள். மணி ஐந்தேகால் ஆகியிருந்தது.

அதன் பிறகு பகலவன் அறுபதில் ஓட்டினார். அவர் காதோரம் வியர்வை வழிவதை எழில்மொழி பார்த்தாள். காற்றில் எங்கேயோ ஒரு வெடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள். வாழ்நாளெல்லாம் பஞ்சு அடைத்த காது. ஒரு வீட்டுக் கதவு சாத்திய சத்தத்துக்கு அவள் பகலவனின் சட்டையைக் கிழித்துவிட்டாள்.

கீழப்படுகையில் விசாரித்தபோது ஒருவர் கரைக்குக் கை காட்டினார். கொள்ளிடக் கரை மேல் வண்டி ஓடியது. ஒரு பக்கம் வாழைத் தோட்டம், மறு பக்கம் நாணலும் கருவேலமும் மண்டிய படுகை. வெயில் மஞ்சளாகிவிட்டது. தூரத்தில், வாழை முடிகிற வரப்பில், இரண்டு பேர். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்ட கிழவர். இன்னொருத்தி, சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிய பெண். துப்பாக்கி அவள் கையில் இருந்தது.

"துப்பாக்கியை வைங்க! துப்பாக்கியைக் கீழ வைங்க!" என்று கத்திக்கொண்டே எழில்மொழி கரையிலிருந்து சரிந்து இறங்கினாள்.

இப்படிக் கத்தியதுதான் தப்பாகிப் போனது. ஓடிவருகிறவர்கள் அதிகாரிகள் என்று அவர்கள் நினைத்தார்கள். கண் ஆபரேஷன் ஆகி எட்டு நாள்தான் ஆகியிருந்ததால் கிழவர் வீரையன் துப்பாக்கியைத் தோளில் வைக்கக் கூடாது. லைசென்ஸ் அவர் பெயரில். சுடப் போகிறவள் பெண்டாட்டி கண்ணாத்தாள். அது தப்பு என்று இருவருக்கும் தெரியும். கண்ணாத்தாள் துப்பாக்கியை முந்தானையில் மறைத்துக்கொண்டு வாழைக்குள் நுழைந்துவிட்டாள். எழில்மொழி மூச்சிரைக்க வரப்புக்கு வந்தபோது, வீரையன் மட்டும் ஒன்றுமே தெரியாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நான் ஆபீசர் இல்லை. அது என் துப்பாக்கிங்க. மாறி வந்திருச்சு. உங்களுது என் வீட்ல இருக்கு."

வீரையனின் முகம் வெளுத்தது. "அதுல... மருந்து இருந்துச்சே தாயி" என்றார். போலீஸில் கொடுத்த அன்று கெட்டித்ததை எடுக்க மறந்து, அதைச் சொன்னால் உதைப்பார்களே என்று இரண்டு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்தவர் அவர். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலை. தண்ணி ஊத்திட்டேன். ஆனா இது வெடிக்குங்க. இதோட குழல்ல விரிசல் இருக்கு."

இதைக் கேட்டுக் கண்ணாத்தாள் வாழையிலிருந்து வெளியே வந்தாள். குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீரையன் கண்ணாடியை உயர்த்திவிட்டு நல்ல கண்ணை வைத்துப் பார்த்தார். விரலால் தடவினார்.

"எங்க விரிசல்? கண்ணாடி கணக்கா இருக்கு. இப்படி ஒரு குழலை நான் கையில பிடிச்சதே இல்ல. எங்களுதுல ஒரு பங்கு போடவே பயப்படுவேன். இது தாங்கும்னுதான் இன்னிக்கு ரெண்டு பங்கு போட்டேன்."

அப்பா அன்று கெட்டித்ததும் அதுதான். இரண்டு பங்கு.

"நல்ல பொருளு கைவிட்டுப் போச்சேன்னு பிடுங்கிட்டுப் போக வந்திருக்காங்க" என்றாள் கண்ணாத்தாள். "திருப்பித் தரமாட்டோம்னா சொன்னோம்? போலீஸ்ல குடுத்தாங்க, வாங்கியாந்தோம். மூணு நாளா எழுபது வாழை போச்சு. ஒரு வேட்டுப் போட்டுட்டு உங்க கையிலயே குடுக்கிறேன், எடுத்துட்டுப் போங்க."

படுகையில் நாணல் அசைந்தது. உறுமல் ஒன்று கேட்டது. கண்ணாத்தாள் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பினாள், கட்டையைத் தோளில் வைத்தாள், குதிரையை இழுத்தாள். அவளுடைய இடது கை, குழலின் அடியில், அந்த இடத்திலேயே இருந்தது. கன்னம் அதற்கு ஒரு சாண் தூரத்தில்.

வாய்விட்டுச் சொல்ல எழில்மொழிக்கு நேரமில்லை. சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்? பாய்ந்து போய்த் தன் கட்டைவிரலைக் குதிரைக்கும் கேப்புக்கும் நடுவில் திணித்தாள்.

விசை அமுங்கி விழுந்த குதிரை நகத்தைப் பிளந்துகொண்டு நின்றது. சத்தம் வரவில்லை. அந்த நொடியில் ஒரே ஒரு சத்தம்தான், எழில்மொழி அலறியது. பன்றிகள் அதற்கே ஓடிவிட்டன.

வீரையன் குதிரையைத் தூக்கி விரலை விடுவித்தார். கேப்பை எடுத்து எறிந்தார். "உனக்குப் பைத்தியமா தாயி?" என்று கத்தினார். எழில்மொழி வரப்பில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு, துப்பாக்கியை மடியில் போட்டு, குழலின் அடியைச் சுரண்டினாள். நான்கு மாத வேலை. காப்பிக்கொட்டை நிறம் செதில் செதிலாக உதிர்ந்தது. அதற்கடியில் வெள்ளையாக ஈயம் தெரிந்தது. அரிவாள் முனையைக் கொடுத்து நெம்பினாள். ஈயம் நூலாகப் பிய்ந்து வந்தது. அப்பா உண்டாக்கிய கறுப்புப் பிளவு, ஒரு விரல் நீளத்துக்கு, வாயைத் திறந்தது.

கண்ணாத்தாள் அதில் தன் ஆள்காட்டி விரல் நகத்தை வைத்துப் பார்த்தாள். நகம் உள்ளே போனது. அவள் தன் இடது கையைப் பார்த்தாள். அப்புறம் அதே கையால் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வரப்பில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.  பகலவன்தான் வாழையடியில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து குழலுக்குள் ஊற்றினார். பாதித் தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் கண்ணாத்தாளுக்கு உயிர் வந்தது. எழில்மொழியின் விரலைப் பார்த்தாள். ரத்தம் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. முந்தானையைப் பல்லால் கடித்து ஒரு முழம் கிழித்தாள். கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சுற்றத் தொடங்கினாள்.

"எங்கேயோ கிடந்த நீ ஓடியாந்து என் முகத்தைக் காப்பாத்தின தாயி. நீ நல்லா இருக்கணும். உன் புள்ளைகுட்டி நல்லா இருக்கணும்." ஒரு சுற்று. "ஆனா இதை இப்படி ஈயம் பூசி மறைச்சு வச்சானே ஒரு பாவி, அவன் கை விளங்குமா? மனுசன் கையில போய்ச் சேருமேன்னு ஒரு நிமிசம் நெனச்சானா? அந்தக் கை அழுகிப் போவணும்." இன்னொரு சுற்று.

பகலவன் எழில்மொழியைப் பார்த்தார். வேண்டாம் என்பது போலக் கண்ணைச் சிமிட்டினார். யாருக்குத் தெரியப் போகிறது? எவனோ ஒரு கொல்லன் என்று போகட்டும். விரிசலை இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் ஸ்டேஷனிலும் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். எழில்மொழிக்கு அதெல்லாம் ஒரு நொடியில் தோன்றியது. பயம் எப்போதும் அவளைவிடக் கெட்டிக்காரி.  கிளம்பி ஓடிவிட வேண்டும் போலிருந்தது. துப்பாக்கியைப் பார்த்ததைவிட, போலீஸை நினைத்ததைவிட, தன் கையைப் பிடித்திருக்கிற இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"அக்கா" என்றாள்.  "இந்தக் கைதான் அது."

கண்ணாத்தாளுக்குப் புரியவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"விரிசல் இருக்குன்னு எனக்கு ஐம்பது வருசமாத் தெரியும். ஈயம் பூசி மறைச்சது நான்தான். அழகா இருக்கணும்னு செஞ்சேன். மத்தியானம் போலீஸ்ல கேட்டப்பவும் சொல்லல. பயந்துட்டேன். நாளைக்குப் போய் எழுதிக் குடுத்துடுறேன்."

துணி நின்றது. வீரையன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாத்தாள் கையைத் திருப்பி, உள்ளங்கையையும் நகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடித்தாலும் அடிக்கட்டும் என்று எழில்மொழி உட்கார்ந்திருந்தாள். பகலவன் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார்.

கண்ணாத்தாள் மிச்சமிருந்த துணியைச் சுற்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். உயிர் போகிற வலி. எழில்மொழி கையை இழுத்துக்கொள்ளவில்லை.